அப்பா கை படாத சாப்பாடு

ஓட்டலில் அவரை எல்லாரும் ரோஸ்ட் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதிய பஃபேயில், முழுத் துண்டாக ஓவனில் வேகவைத்த மாட்டிறைச்சியைப் பலகையில் வைத்து, மேலே மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு, நீளக் கத்தியால் சீவிச் சீவித் தட்டில் வைப்பதுதான் வேலை. கேட்க என்னமோ சுலபம்போலத்தான் இருக்கும். கத்தியைக் கையில் எடுத்தால் தெரியும் சங்கதி. காகிதம்போல மூன்று சீவல் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறினாற்போல விசிறி வைத்தால் தட்டே நிறைந்துவிடும். வாங்குகிறவர் 'அடேயப்பா, இவ்வளவா!' என்று பூரித்துப் போவார். வயிற்றுக்குள் போவது என்னவோ கொஞ்சம்தான். கண்ணை ஏமாற்றுவதில் மனுஷன் கில்லாடி. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் மிஞ்சும் முனைத் துண்டு சீவலுக்கு ஆகாது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகப் பெரிய சமையல்காரர் எப்போதோ தலையாட்டிவிட்டார். வீட்டில் அது மூன்று நாளைக்கு ஓடும். திங்கட்கிழமை மெல்லிசாக அரிந்து, ரொட்டிக்கு நடுவே வெங்காயமும் கடுகு விழுதும் சேர்த்து ஒரு சாண்ட்விச். மறுநாள் பொடியாக நறுக்கி, முந்தின நாள் சோற்றைப் பெரிய தீயில் ஒரு புரட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு கறியைப் போட்டுக் கிளறுவது. "ஏற்கெனவே வெந்த கறியைத் திரும்ப வேகவைக்கிறவனுக்குச் சமையல்கட்டுல என்ன வேலை?" என்பார். அதற்கும் மறுநாள், மிச்சத்தை உதிர்த்து மசித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டி வாணலியில் சிவக்கவிடுவார். நடுவில் மனசு வந்தால் ஆம்லெட்டுக்குள் வைத்து மடிப்பார், நூடுல்ஸில் தூவுவார். மகள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "இன்னிக்குக் கறி என்ன வேஷம்பா?" என்று கேட்பாள். அதைக் கேட்பதற்காகவே அவர் புதுசு புதுசாக யோசிப்பார்.

மனைவி ஆயத்த ஆடை ஆலையில் தையல்காரி. ஊசியை எடுத்தால் புலி. அடுப்படிக்கு வந்தாளோ, வெந்நீரையும் தீய்த்துவிடுவாள். அதனால் சமையல் முழுக்க அவர் கையில்.

பதினாறு வயதில் மகள் பசிக்கல என்று ஆரம்பித்தாள். அப்புறம் ரொட்டி வேண்டாம், கறியை மட்டும் எடுத்துக்கிறேன் என்றாள். அப்புறம் கறியும் வேண்டாம். அவர் என்ன நினைத்தார்? உப்புக் குறைச்சல், காரம் ஜாஸ்தி, ஒரே கறியைத் தின்று அலுத்துப் போச்சு என்று நினைத்தார். பாவம், அவருக்குத் தெரிந்ததைத்தானே நினைக்க முடியும்! வேஷத்தை மாற்றிப் பார்த்தார். எலுமிச்சை பிழிந்தார், தக்காளியில் போட்டார், தட்டில் பூப்போல அடுக்கினார். அவள் முள்கரண்டியால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மனைவிதான். பள்ளிக்கூடப் பாவாடையின் இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொல்லி மகள் கொண்டுவந்தாள். கொஞ்ச நாளில் திரும்பவும் கொண்டுவந்தாள். மூன்றாம் தடவை நீட்டியபோது, தையல்காரி பாவாடையைக் கீழே போட்டுவிட்டு மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. "ஐயோ, என்னங்க, இங்க வந்து பாருங்களேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "இது ருசி சம்பந்தப்பட்டது இல்லைங்க. இது நோய். சாப்பாட்டைப் பார்த்தா உங்க பொண்ணுக்குப் பயம். அவளைத் திட்டாதீங்க, கெஞ்சாதீங்க. அவளுக்குத் தெரியாம எதையும் கலந்து குடுக்காதீங்க. இன்னும் எடை இறங்கினா இருதயம் தாங்காது. வார்டுல சேர்த்து, மூக்கு வழியா குழாய் போட வேண்டி வரும்."

இருதயம், குழாய். அந்த இரண்டு வார்த்தைதான் அவர் காதில் நின்றது. முன்னால் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு கோப்பை காய்கறி சூப்புக்கு அவளைச் சம்மதிக்க வைத்தார்கள். வெறும் தண்ணி சூப்புதான், எண்ணெயே கூடாது, அப்பாதான் போடணும் என்றாள். அப்பாதான் போடணும்! அந்தச் சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனைத் துண்டோடு, ரோஸ்ட் தட்டில் வடிந்திருந்த கொழுப்பையும் ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி எடுத்துவந்தார். கறியை மாவாக அரைத்து, துணியில் வடிகட்டி, கொழுப்போடு சேர்த்துச் சூப்பில் அடித்துக் கலக்கினார். கேரட் நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ஓட்டலில் கொஞ்சத்தை நிறையவாகக் காட்டினவர், வீட்டில் நிறையவைக் கொஞ்சமாகக் காட்டினார். வித்தை ஒன்றுதான்.

"சூடா குடிச்சிடும்மா" என்று பக்கத்திலேயே நிற்பார். மாட்டுக் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி உறையும் என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? அவள் குடித்தாள். எடை இறங்குவது நின்றது. கன்னத்தில் துளி ரத்தம் ஓடியது. வீட்டுக்கு வெளியே போய் ஒரு மூலையில் நின்று அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், சந்தோஷத்தில்தான்.

ஒரு சாயங்காலம் சூப்பை மேசையில் வைத்த நேரம் பார்த்து ஓட்டலிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரக் கல்யாண விருந்துக்கு எவ்வளவு இறைச்சி வாங்கலாம் என்று கேட்டார்கள். பேச்சு சுவாரசியத்தில் வாசல் வரைக்கும் போய்விட்டார். திரும்பி வந்தபோது மகள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சூப்பின்மேல் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. கரண்டி முனையால் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னது?"

"எண்ணெய்தாம்மா... ஒரு சொட்டு..."

"பொய் சொல்லாதீங்க."

அப்பாவை நீ, வா, போ என்று பேசுகிற பெண் 'சொல்லாதீங்க' என்றாள். கன்னத்தில் அறை விழுந்ததுபோல இருந்தது அவருக்கு.

"கறிக் கொழுப்புடா. நீ செத்துப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

"எனக்குள்ள என்ன போகுதுன்னு தெரிஞ்சாத்தான் என்னால முழுங்கவே முடியும். அப்படி இந்தச் சூப்பு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் கெடுத்துட்டீங்க." சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அன்று முதல் அவர் நீட்டிய தண்ணீரைக்கூட அவள் வாங்கவில்லை. குழாயடியில் தானே டம்ளரைக் கழுவிப் பிடித்துக்கொண்டாள். எடை திரும்பச் சரிந்தது. டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா இனிமே நீங்க சமையல்கட்டுப் பக்கமே போகாதீங்க. அம்மா பார்த்துக்கட்டும். அடுத்த தடவை வரும்போது எடை ஏறலைன்னா வேற வழியில்ல, வார்டுதான்."

அம்மா என்ன பார்த்துக்கொள்வாள்! அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். உருளைக்கிழங்கைத் தோலோடு பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். மகளுக்கு அது போதுமாக இருந்தது. தோல் கிழியாத கிழங்குக்குள் யாரும் எதையும் ஒளித்து வைக்க முடியாதே. ஒவ்வொரு வேளையும் அம்மாவைப் பார்த்து ஒரே கேள்விதான்: "அப்பா தொட்டாரா?"

"இல்லடி."

அதற்கப்புறம்தான் கை நீளும். அடுத்த அறையில் ரோஸ்ட் மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும் முனைத் துண்டை இப்போது பாத்திரம் கழுவுகிறவருக்குக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்குள் கொண்டுவந்தால் வாசனைக்கே அவள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

டாக்டரம்மாவிடம் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள், மனைவி அடுப்பில் கிழங்கை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்க ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. அவர் சமையலறை வாசலில் நின்றார். பானையில் தண்ணீர் வற்றும் சத்தம் அவருக்குத் தெரியாதா? முதலில் சலசலப்பு நின்றது, அப்புறம் சடசடவென்று பொரிந்தது, அப்புறம் தீயும் வாசனை வந்தது. வேறு கிழங்கு வீட்டில் இல்லை. இது கருகினால் இந்த வேளை அவள் வயிற்றில் ஒன்றும் விழாது.

"ஏ, அடி பிடிக்குது!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். மழை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? எட்டி அடுப்பைத் திருகிவிட ஒரு கால் உள்ளே வைத்தவர், கூடத்தில் மகள் நிற்பதைப் பார்த்துவிட்டார். அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டார்.

"நான் தொடலம்மா. நீயே வந்து அணைச்சிடு. சத்தியமா நான் தொடல."

அவள் சுவரோரமாக ஒட்டி, அவர்மேல் படாமல் உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள். கிழங்கு ஒரு பக்கம் கரிக்கட்டையாகியிருந்தது. ஊதி ஊதித் தோலைத் தானே உரித்தாள். கருகாத பக்கத்தில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, மெல்ல முடியாமல் நின்றாள். தொண்டை ஏறி இறங்கியது. மேடையில் எதையோ தேடினாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. உப்பு. ஜாடி அவர் தோளுக்குப் பக்கத்தில், அலமாரியில் இருந்தது. தன்னை அறியாமல் கை அதற்கு நீண்டது. பாதியில் உறைத்தது. கையை இழுத்துக்கொண்டு, ஜாடியை விட்டு நாலடி தள்ளிப் போய்ச் சுவரோடு சுவராக நின்றார்.

"உப்பு அங்க இருக்கும்மா. நான் இங்கதான் நிக்கிறேன் பாரு. வந்து எடுத்துக்கோ."

அவள் ஜாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, உப்பில்லாமலே அடுத்த விள்ளலை எடுத்தாள்.