விரலில் ஒட்டிய பழுப்பு

சிதம்பரத்து நர்சரி ஒன்றில் தொட்டிச் செடியின் இலையைத் திருப்பியதும் விரலில் பழுப்புத் தூள் ஒட்டியது. அப்புறம் எனக்கு அங்கே நிலைகொள்ளவில்லை.

கிள்ளையில் நாங்கள் கடலை போட்டிருந்த கொல்லைக்குப் பின்னால், உப்பங்கழிச் சேற்றில் புதராக நின்ற அதே பெரணி. ஆளை மறைக்கும் உயரம், தோல்போல் தடித்த இலைகள், செம்பு நிறக் குருத்து, மேல்முனைச் சிற்றிலைகளின் அடியில் மட்டும் வெல்வெட்டாக அப்பிய பழுப்பு. பள்ளி விட்டதும் அதற்குள்தான் கிடப்பேன். காற்றில் இலை உரசுவதும் சேற்றில் நண்டு ஓடுவதும் ஒரே சத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்க, அம்மா கூப்பிடக் கூப்பிட வரமாட்டேன்.

அம்மா அண்ணாகிராமத்தில் மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவள். மல்லாட்டை என்கிற நிலக்கடலையில் இலைக்கடியில் பழுப்புத் தூள் வந்தால் அது துரு நோய். விட்டால் கொல்லை முழுக்கப் பரவும். ஒருநாள் என்னைத் தேடி வந்தவள் பெரணி இலையைத் திருப்பிப் பார்த்து, "ஐயோ, துரு வந்துருச்சுடி, நம்ம மல்லாட்டையும் போயிடும்" என்று பதறினாள். புதர் முழுவதையும் வெட்டி, கிழங்கோடு தோண்டி, காயப்போட்டுக் கொளுத்தினாள். இப்போது அங்கே இறால் குட்டை. நாள் முழுக்க மோட்டார் இரைகிறது.

நர்சரிக்கும் அம்மா கூட வந்திருந்தாள். "நோயி புடிச்ச செடி, அங்கயே வெச்சுடு" என்றாள்.

"நோயி இல்லம்மா. இதுக்குப் பூவும் கெடையாது, காயும் கெடையாது. இந்தத் தூள்தான் இதுக்கு வெத."

அம்மா தூளைத் தொட்டு, விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அன்னிக்கு அது நல்லாத்தான் இருந்துச்சாடி?"