மாஃபி கிரவுண்டின் கடைசி சீசன்

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது இங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. ஊரில் இதைச் சொன்னபோது என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு ஒருநாள் அரசாங்கம் வாரவிடுமுறையை மாற்றியது. எங்கள் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையே ஞாயிற்றுக்கிழமை ஆனது. உலகமே அப்படித்தானே இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்களுக்குத்தான் தலை சுற்றியது. முதல் மாதம் முழுக்க வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது திருட்டுத்தனமாகப் பள்ளிக்கூடம் போவது போல இருந்தது. எனக்கு விடுமுறை என்பது ஒரு கிழமையல்ல, ஓர் இடம். ஷார்ஜா தொழில்பேட்டையில், டயர் கடைகளுக்கும் அலுமினியப் பட்டறைகளுக்கும் பின்னால் கிடக்கிற ஒரு மணல் பொட்டல். அங்கே கிரிக்கெட் நடக்கிற நாள் எதுவோ அதுவே என் ஞாயிறு.

அந்த இடத்துக்குப் பெயர் மாஃபி கிரவுண்ட். பெயர் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் பிழை என்னுடையது. நான் புதிதாக வந்திருந்த காலம். விளையாட ஓர் இடம் தேடி நாலைந்து பேர் அலைந்துகொண்டிருந்தோம். பொட்டலின் ஓரத்தில் ஒரு வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படித்தவன் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அரபும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆனால் அது எனக்குத் தெரியாது. மணலைக் காட்டி, “கிரவுண்ட்?” என்றேன். அவர் கையை உதறி, “மாஃபி கிரவுண்ட்! மாஃபி!” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு ஓடிவந்து, “கிரவுண்டுதானாம்ப்பா, பேரு மாஃபி” என்று அறிவித்தேன். யாரோ ஷேக்கின் பெயராக இருக்கும் என்று எல்லோரும் மரியாதையுடன் தலையாட்டினார்கள். மாஃபி என்றால் ‘இல்லை’ என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் நோட்டீஸ் அடித்துவிட்டோம்: ‘மாஃபி கிரவுண்டில் மாபெரும் டென்னிஸ் பந்துப் போட்டி’. இல்லாத கிரவுண்டில் நடக்கிற போட்டிக்கு முதல் வருடமே பத்து டீம் வந்தது. வாட்ச்மேனும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

இங்கே சீசன் என்பது குளிர்காலம். ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் மட்டையைத் தூக்குவோம். இங்கே அப்படித் தூக்கினால் மட்டையோடு நம்மையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெயில் தணிந்ததும் சோனாப்பூர் கேம்ப்பிலிருந்து கட்டடத் தொழிலாளர்கள் ஒரு பஸ்ஸைப் பேசிக்கொண்டு வந்துவிடுவார்கள். பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள் தூங்கியெழுந்த முகத்தோடு நடந்தே வருவார்கள். எங்கள் கிரவுண்டில் எது நாலு, எது ஆறு என்பதை கான் பாய் தீர்மானிப்பார். அவர் நடுவர் அல்ல, டிரெய்லர் டிரைவர். வண்டியை எங்கே நிறுத்துகிறாரோ அதுதான் எல்லைக்கோடு. பெஷாவர்க்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை ‘போச்சு’. விக்கெட் விழுந்தாலும், சிக்ஸர் போனாலும், டீ வந்தாலும் வண்டிமேல் உட்கார்ந்து “போச்சு! போச்சு!” என்பார். என் இந்தியைவிட அவர் தமிழ் மேல்.

ஆனால் கூட்டம் வந்தது விளையாட்டைப் பார்க்க அல்ல. ஜபருல்லா காக்காவைக் கேட்க. கீழக்கரைக்காரர். அந்தப் பக்கத்தில் அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள். அறந்தாங்கிக்காரனான எனக்கு அது தெரியாமல், ‘காக்கா வருது, காக்கா வருது’ என்று ஆட்கள் வழிவிட்டபோது நான் வானத்தைப் பார்த்தேன். வந்தது, ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் நிற்கிற, கொஞ்சம் தொப்பை விழுந்த, கண்ணாடி போட்ட மனிதர். மைக்கைக் கையில் கொடுத்தால் அவர் வேறு ஆள்.

“பால்பாண்டி ஓடி வர்றாரு... சோனாப்பூர்ல டூட்டி பஸ்ஸ விட்டவன் ஓடுற மாதிரி ஓடி வர்றாரு... போட்டாரு! தூக்கிட்டான்! பந்து போகுது, லீவு சாங்ஷன் ஆனவன் ஏர்ப்போர்ட்டுக்குப் போற மாதிரி திரும்பிப் பாக்காமப் போகுது... கீழ ஃபீல்டரு நிக்கிறாரு, விசா குடுத்த கஃபீலு மாதிரி கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு... புடிச்சுட்டாரு! பாஸ்போர்ட்டப் புடிச்ச மாதிரி புடிச்சுட்டாரு! கலாஸ்!”

கலாஸ் என்றால் அரபில் ‘முடிந்தது’. அந்தக் ‘கலாஸ்’ஸைக் கேட்பதற்காகவே சிலர் அவுட் ஆனார்கள் என்று சந்தேகம் எனக்கு உண்டு. நான் அவருக்கு இரண்டாவது மைக். ஸ்கோர் சொல்வதும், டீக்கடை, மொபைல் கடை விளம்பரங்களைப் படிப்பதும் என் வேலை. இதையெல்லாம் ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி லைவ் விடுவோம். ஊரில் பையனின் பெயர் ஒரு தடவை காதில் விழாதா என்று அம்மாக்கள் காத்திருந்து கேட்பார்கள். என் மனைவியும் கேட்பாள். “எப்படிப் பேசுறேன்?” என்று ஒருமுறை ஆசையாகக் கேட்டேன். “உங்க பார்ட் வந்தா நான் குக்கரப் பாக்கப் போயிடுவேன்” என்றாள். எங்கள் வீட்டில் சோறு ஒருநாளும் குழைந்ததில்லை.

காக்காவிடம் ஒரு விசித்திரம் இருந்தது. வானம் கண்ணாடி போல இருக்கும்; அவர் திடீரென்று, “நேயர்களே, மழை வர்ற மாதிரி இருக்கு, மொட்டை மாடியில காயப்போட்டத எடுத்துருங்க” என்பார். ஷார்ஜாவில் ஏது மழை? இன்னொரு நாள், “பவுலர் இருமுறாரு, ராத்திரியே சுக்குத் தண்ணி குடிச்சிருக்கணும், டாக்டர்கிட்டப் போகச் சொன்னா யாரு கேக்குறா” என்பார். பவுலர் மிரண்டுபோய், “நான் இருமலயே காக்கா” என்று திரும்பிப் பார்ப்பான். நகைச்சுவை என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன். மழை பெய்தது கீழக்கரையில் என்றும், இருமியது அவர் மனைவி ஜீனத் என்றும் எனக்குத் தெரிய இரண்டு சீசன் ஆனது. ஷார்ஜா ஸ்கோரோடு கீழக்கரை வானிலையையும் அந்த மனிதர் படித்துக்கொண்டிருந்தார்.

மனைவியிடம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் போன் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். “ம்... சாப்டியா? ம்... புள்ளைக? சரி. வைக்கட்டா?” அவ்வளவுதான். ரூமில் ஆறு பேர், ஆறு கட்டில், பன்னிரண்டு காது. வீடியோவில் பேசினாலும் அந்த அம்மாவுக்குத் தெரிவது அவர் நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபேனும்தான். “ரூம்ல பேசுனா எல்லாத்துக்கும் கேக்குது தம்பி. மைக்ல பேசுனா யாருக்கும் கேக்காது” என்றார் காக்கா. அது எப்படி என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு ஸ்கோரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் இரண்டு பேர் முக்காலி வைத்து மைதானத்தை அளந்தார்கள். அவர்களும் லைவ் போட வந்தவர்கள்தான் என்று நினைத்து, “எந்த சேனல்?” என்று கேட்டேன். அவர்கள் சர்வேயர்கள். கோடவுன் வரப்போகிறது. மார்ச்சில் வேலி. அந்த வேலியைப் போடப்போகிற கம்பெனியில்தான் எங்கள் விக்கெட் கீப்பர் வேலை செய்கிறான். “டூட்டிதானேண்ணே” என்றான். பிறகு, “பிட்ச்சு மேல மட்டும் நான் குழி தோண்ட மாட்டேன், வேற ஆளப் போடச் சொல்லிட்டேன்” என்றான். ஆக, இதுவே கடைசி சீசன். பேனர் அடித்தோம். வேலை மாறி அபுதாபிக்கும் மஸ்கட்டுக்கும் போனவர்கள்கூட வந்தார்கள். பிட்ச்சின் மண்ணைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து வரும்போது ஒரு பிடி மண்கூட எடுத்து வராதவர்கள் இவர்கள்.

இறுதிப்போட்டிக்கு முந்தைய வாரம் காக்கா என்னை டீக்கடைக்கு அழைத்துப்போனார்.

“ஜீனத்துக்கிட்ட சொன்னேன், கிரவுண்டு போகுதுன்னு” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

“‘இனிமே நீங்க எங்க பேசுவீங்க?’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“போன்ல பேசுறேனேன்னேன். ‘போன்ல நீங்க பேசுறதா? அது போன் கம்பெனிக்காரன் பேசுற மாதிரி இருக்கும்’னுட்டா. அப்புறம் சொல்றா, ‘கிரிக்கெட்டு எனக்கு ஒண்ணும் புரியாது. எவன் அடிச்சா எனக்கென்ன? இத்தன வருசமா உங்க குரலத்தான் காட்டுறீங்க. ஒரு தடவ ஆளையும் காட்டச் சொல்லுங்க’ங்கிறா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, கடைசி ஓவர்ல நான் ஆடுறேன். நீ மைக்கப் பாத்துக்க.”

“காக்கா, நீங்க மட்டையப் புடிச்சதே இல்லையே?”

“நீ மைக்கப் புடிச்சு என்னத்தக் கிழிச்ச? பாத்துக்கலாம் விடு.”

நியாயமான பதில்.

இறுதிப்போட்டி முடிந்தது. பட்டறைக்காரர்கள் ஜெயித்தார்கள், அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒரே ஓர் ஓவர், காக்காவுக்காக என்று அறிவித்தேன். கூட்டம் கத்தியது. எவனுடைய கால்காப்பையோ கட்டிக்கொண்டு, இன் பண்ணிய சட்டையோடு காக்கா நடந்து வந்தார். அவரை அவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தவர். ஸ்டாண்டில் இருந்த போனை அவர்மேல் திருப்பினேன்.

என் கமெண்ட்ரியை இங்கே எழுதத்தான் வேண்டுமா? “காக்கா நிக்கிறாரு... நேயர்களே, காக்கா நிக்கிறாரு... இன்னும் நிக்கிறாரு... இந்த ஓவரை உங்களுக்கு வழங்குவோர், மொபைல் ரிப்பேர், டிஸ்ப்ளே மாத்தித் தரப்படும்...” கூட்டத்திலிருந்து ஒருவன், “அண்ணே, வாய மூடுங்கண்ணே!” என்றான். பால்பாண்டியிடம் மெதுவாகப் போடச் சொல்லியிருந்தோம். பாவம், அவனுக்கு மெதுவாகப் போட்டுப் பழக்கமில்லை. இரண்டு எட்டு வைத்து, கும்பிடுவது போல ஒரு பந்தை விட்டான். அது மணலில் இரண்டு தடவை குத்தி, தயங்கித் தயங்கி வந்தது. அதற்குள் காக்கா ஒருமுறை வீசி முடித்து, இரண்டாம் முறைக்கு ஓங்கியிருந்தார். பந்து ஸ்டம்ப்பைத் தொட்டது. ஸ்டம்ப் யோசித்து, பிறகு சாய்ந்தது.

கான் பாய்கூட ‘போச்சு’ சொல்லவில்லை. பிறகு எல்லோரும் ஒரே குரலில், “நோ பால்! நோ பால்!” என்று கத்தினார்கள். நடுவர் அவசரமாகக் கையை நீட்டினார். பால்பாண்டி, “ஆமா காக்கா, நான் கோட்டத் தாண்டிட்டேன்” என்று சத்தியம் செய்தான். காக்கா தலையை ஆட்டினார். “கலாஸ்னா கலாஸ்தான்டா. எத்தன பேர அனுப்பியிருக்கேன்” என்று மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். என் மேஜைக்குப் பக்கத்தில் வந்தபோது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து. கூட்டத்தின் இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, மக போன்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வெயிலு கண்ணுல அடிக்குதா? இளைச்சுப் போயிட்டீங்களே... அந்தப் பையன் பந்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, பாத்து அடிங்க.”

நான் காக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். லைவ் என்று பெயர்தானே தவிர, படம் இங்கிருந்து ஊர் போய்ச் சேர ஒரு நிமிடம் போல ஆகும். போனில் பேசுகிற குரல் மட்டும்தான் உடனே போகும். மாஃபி கிரவுண்டில் எங்கள் காக்கா அவுட்டாகி வந்துவிட்டார். கீழக்கரையில் அவர் இன்னும் ஒரு பந்துகூட ஆடவில்லை.

‘ம், சரி, வைக்கட்டா’ என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்தார். திரும்பி, பிட்ச்சை நோக்கி நடந்தார். சாய்ந்த ஸ்டம்ப்புக்கு முன்னால், முதலில் நின்ற அதே இடத்தில் போய் நின்றுகொண்டார். எவரும் சொல்லாமலே ஃபீல்டர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். நான் மைக்கை அணைத்தேன். அந்த அமைதியில் அவர் குரல் மைக் இல்லாமலே கேட்டது.

“நிக்கிறேன் ஜீனத்து, உனக்குத் தெரியுதுல்ல? அது பால்பாண்டி. நல்ல பையன், அவனுக்கும் உன்ன மாதிரி அப்பப்ப இருமலு. அந்தா பச்ச வண்டி மேல உக்காந்திருக்காரே, அவரு கான் பாய். இப்ப ஓடி வருவான் பாரு... அடிப்பேனா? அதெப்படி இப்பச் சொல்றது? பாத்துக்கிட்டே இரு. காத்து நல்லா இருக்கு, உப்பு வாசம் இல்லாத காத்து...”

பேசிக்கொண்டே, ஒரு கையில் போனும் ஒரு கையில் மட்டையுமாக, காக்கா வராத பந்துக்குக் காலை முன்வைத்தார்.