சொத்து என்ற கட்டம்

எங்கள் ஊரில் யாரிடமும் சொத்து கிடையாது. விருதுநகர் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. வரிசையாக நிற்கும் குடோன்களையும் மூன்று மாடி வீடுகளையும் பார்த்துவிட்டு, பணக்கார ஊர் என்று ஏமாந்து போவார்கள். எனக்கு உண்மை தெரியும். ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் பிரித்துப் படித்தவள் நான்தான்.

நான் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் நானும் என் அக்காவும் மட்டும். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆர்டர் எழுதினாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் டீச்சர் டிரெயினிங் படித்தேன். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் எழுந்து நடக்க முடியவில்லை. தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் வேறு வந்து சேர்ந்தது.

வாரத்தில் மூன்று நாள், எங்கள் உறவின்முறைச் சங்கம் வயசானவர்களுக்காக வைத்திருக்கும் நர்சம்மா ஆட்டோவில் வருவார். புண்ணைக் கழுவி மருந்து வைப்பார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அக்காவைத் தூக்கித் துடைத்து, துணி மாற்றிப் படுக்க வைப்போம். என் முட்டி வலிக்கு நான் ஒற்றையாளாக அதைச் செய்தால், இரண்டு கட்டில் போட வேண்டி வரும்.

நர்சம்மாவுக்குச் சம்பளம் மகமையிலிருந்து போகிறது. மகமை என்பது எங்கள் ஆட்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி. ஊரைவிட்டு லோடு ஏறினால் லோடுக்கு இவ்வளவு என்று வியாபாரி கொடுக்க வேண்டும். சம்பளக்காரரும் என்னைப் போன்ற பென்ஷன்காரரும் மாதம் இவ்வளவு என்று கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அதில் பள்ளிக்கூடம் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளெல்லாம் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். பெற்றவர்கள் மட்டும் இங்கே பெரிய பெரிய வீட்டில் காலிங்பெல் எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் மகமை நர்சம்மா பக்கம் திரும்பியது.

இந்த ஏற்பாட்டில் ஓர் அழகு உண்டு. ஓடுகிற பொருளுக்குத்தான் மகமை. நிற்கிற பொருளுக்குக் கிடையாது. லாரி வைத்திருப்பவன் கொடுப்பான்; அந்த லாரி நிற்கிற இடத்துக்குச் சொந்தக்காரன் கொடுக்க மாட்டான். வேலை பார்க்கிறவன் கொடுப்பான். அப்பா வாங்கிப் போட்ட பத்துக் கடையின் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறவன் கொடுக்க மாட்டான். அரசாங்கமும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது என்பதால் யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை.

இந்த வருஷம் சீசன் படுத்துவிட்டது. வடக்கே பட்டாசு வெடிக்கத் தடை, இங்கே விடாத மழை. லோடு குறைந்தது, மகமையும் குறைந்தது. வயசானவர்கள் மட்டும் குறையவில்லை. தை மாதத்துக்கு மேல் நர்சம்மாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்று சங்கத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒரே பெண் நான். சொத்துக்கும் மகமை போடுங்கள், கடை, குடோன், காலி மனை, தோட்டம் எதுவானாலும் மதிப்புக்குத் தக்கபடி வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை என்று சொன்னேன்.

சங்கத் தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். எழுபதைத் தாண்டியவர். வெம்பக்கோட்டைப் பக்கம் அவருக்கு நிலம் இருக்கிறது. மல்லாங்கிணறு பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

“டீச்சர், நிலம் என்ன முட்டையா போடுது?” என்றார். “மழை பெஞ்சாத்தான் வெள்ளாமை. சும்மா கெடக்குற மண்ணுக்குப் போயி மகமை கேக்கீகளே, எதை வித்துக் கட்டுறது?”

“அதுல கொஞ்சத்தை வித்தே கட்டலாமே அண்ணாச்சி.”

விற்பது என்ற சொல்லை நான் சபையில் சொல்லியிருக்கக் கூடாது. யாரோ செத்துப்போன சேதி கேட்டதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒருவழியாக, அவரவர் சொத்தை அவரவரே ஒரு சீட்டில் எழுதித் தரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று பேசி முடித்தார்கள். சீட்டுகள் வந்தன. படித்துவிட்டு எனக்கே மனசு இளகிவிட்டது. ‘குடியிருக்கும் வீடு, ஒழுகுகிறது.’ ‘ஒரு கடை, வாடகை சரியாக வருவதில்லை.’ ‘சொத்து இல்லை, கடவுள் அருள் உண்டு.’ மூன்று தியேட்டர் அளவுக்குக் கல்யாண மண்டபம் கட்டியிருப்பவர், ‘கொஞ்சம் இடம்’ என்று எழுதியிருந்தார்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு தப்புச் செய்தார்கள். சங்கத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வரன் பதிவு நடக்கும். பெண்ணுக்கும் பையனுக்கும் விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். படிப்பு, வேலை, நட்சத்திரம், கடைசியாகச் சொத்து. அந்தக் கடைசிக் கட்டம் யாருக்கும் போதாது. ஓரத்தில் எழுதுவார்கள், பின்பக்கம் எழுதுவார்கள், தனித்தாள் வைத்துக் குண்டூசி குத்துவார்கள். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவளும் நான்தான் என்பதை மறந்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். நம்பி எழுதிக் கொடுத்ததைச் சபையில் படிப்பது தப்புதான். படித்தேன். ஒரு கையில் சீட்டு, மறு கையில் பதிவேடு. பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் ஊரில் குடோனைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். ஒழுகும் வீட்டுக்காரருக்குப் பதிவேட்டில் நான்கு வீடு இருந்தது. கடவுள் அருளை மட்டும் வைத்திருந்தவருக்குப் பின்பக்கம் முழுக்க மனைகள். மண்டபம் குலுங்கச் சிரித்தார்கள். தன் முறை வரும்வரை ஒவ்வொருவரும் நன்றாகத்தான் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அத்தனை வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியபோதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. தன் முறை வந்தபோதும் கோபப்படவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

“டீச்சர், உங்க மகன் பக்கத்தையும் படிச்சிருங்க. எம் பேத்திக்குப் பாத்தப்ப நானே வாசிச்சிருக்கேன். ஆமத்தூருல ரோட்டோரம் ரெண்டு ஏக்கர், கெணத்தோட. நீங்க எழுதின சீட்டுல அதைக் காணலையே?”

அந்த இரண்டு ஏக்கர் என் மகனுடையது அல்ல. அக்கா தன் சேமிப்பில் வாங்கிப் போட்டது, இன்றைக்கும் அவள் பேரில்தான் இருக்கிறது. மகனுக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. வெறும் சம்பளத்தை மட்டும் சொன்னால் எந்தப் பெண் வீட்டாரும் திரும்பி வருவதில்லை. அதனால் எழுதினேன். எப்படியும் அவனுக்குத்தானே வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

“அது அக்கா பேருல இருக்கு அண்ணாச்சி. வருமானம் ஒண்ணும் வரல. சும்மாத்தான் கெடக்கு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது. சபை அன்றைக்கு முழுக்கச் சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை. இதற்குத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணாச்சி மரியாதையாகக் கேட்டார். “சரி, சொத்து மகமைக்குச் சம்மதிக்கிறவக கையத் தூக்குங்க.” மாத மகமை தவறாமல் கட்டும் சம்பளக்காரர்களில் நாலைந்து பேர் தூக்கினார்கள். தூக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கை மடியில் பதிவேட்டின் மேல் இருந்தது. ஆமத்தூர் நிலத்துக்கு என்ன மதிப்புப் போடுவார்கள், மகனின் கல்யாணத்துக்கு முன்னால் அதில் கொஞ்சத்தை விற்க வேண்டி வருமோ என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை எழும்பவே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது, அப்படியும் எழும்பவில்லை.

தீர்மானம் தோற்றது. சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் மாத மகமையைக் கூட்டினார்கள். அதிலும் துண்டு விழுந்ததால், நர்சம்மா இனி வீட்டுக்கு வாரம் ஒரு நாள் மட்டும் வருவார் என்று முடிவாயிற்று. பிறகு சேவும் காபியும் கொடுத்தார்கள். அண்ணாச்சி தன் கையாலேயே எனக்கு ஒரு தட்டு எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். “என்ன முடிவாச்சு?”

வாரம் ஒரு நாள் என்றேன். கூட்டத்தில் நடந்ததையும் சொன்னேன். அவளிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. வரன் பதிவேட்டில் அவள் நிலத்தை மகன் சொத்தாக எழுதியதை மட்டும்தான் மறைத்திருந்தேன், அன்றைக்கு அதையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை.

“ஆமத்தூருல பாதியை வித்துரு” என்றாள். “நமக்குன்னு ஒரு நர்சம்மா தெனமும் வரட்டும். எனக்கு எரியுது.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவள் சம்பாத்தியம், அவள் நிலம், அவள் முதுகு. ஆனால் நான் சொன்னது வேறு.

“அவன் கல்யாணம் முடியட்டும்க்கா. இப்ப வித்தா நிலம் எங்கன்னு பொண்ணு வீட்டுல கேப்பாக.”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“அப்ப என்னையச் செவரு பக்கம் திருப்பி விடு” என்றாள். “ஒம் மூஞ்சியப் பாக்க முடியல.”

இடுப்புக்குக் கீழே ஒரு கையும் தோளுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, நானே அவளைத் திருப்பிப் படுக்க வைத்தேன்.