பீரோ ஏறும் படிக்கட்டு

விமான நிலையத்தை ஒட்டி ஒரு புது நகரம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்யப்போகிறவர்களுக்கான குடியிருப்புப் பகுதியில் மாடிப்படிகளை வரைந்தவள் நான். நகரத்தையே வரைந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பச்சைப் பொய். சாலையை ஒருவர் வரைந்தார், மழைநீர் வடிகாலை ஒருவர், பூங்காவை இன்னொருவர். எனக்கு வந்தது படிக்கட்டு. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் தள்ளிவிடும் வேலை அது. டிப்ளமோ முடித்து வரைகிற வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆனவளிடம் ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை. படிக்கட்டைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் அந்த ஆபீசில் கிடையாது என்ற திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிர் பாதி சரி, பாதி தப்பு.

நான் பிறந்தது வடசென்னையில், கல்மண்டபத்தில். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனவர், அம்மா மீன் விற்றவள். வாக்கப்பட்டது புளியந்தோப்பில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு. வீட்டுக்காரர் துறைமுகக் கிடங்கில் லோடுமேன். ஆபீசில் யாராவது எந்த ஏரியா என்று கேட்டு, நான் புளியந்தோப்பு என்று சொன்னால், "ஓ" என்று ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியில் ரவுடி, வெட்டுக்குத்து என்றெல்லாம் ஓடுவது எனக்குத் தெரியும். நானும் வேண்டுமென்றே இன்னும் சத்தமாக ஒரு தடவை சொல்வேன்.

எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் அங்கே பீரோ படியில் ஏறாது, வெளியே கயிற்றில்தான் ஏறும். மொட்டைமாடியில் இரண்டு பேர் நின்று இழுப்பார்கள். கீழே ஒருவர் இன்னொரு கயிற்றைப் பிடித்து, பீரோ சுவரில் இடிக்காமல் விலக்கிக்கொண்டே இருப்பார். வராண்டாவில் ஒருவர் காலை முட்டுக்கொடுத்து அதை உள்ளே இழுப்பார். கல்யாணச் சீர் வரும் நாளில் தெருவே அண்ணாந்து பார்க்கும். அந்த வட்டாரத்தில் யார் வீட்டுப் பீரோ ஏறினாலும் கயிற்றைப் பிடிக்கிற முதல் கை என் வீட்டுக்காரருடையது.

தன் கல்யாணத்தில் மட்டும் அவர் பிடிக்கக்கூடாதாம். கையில் காப்பு கட்டியிருக்கிறது, மாப்பிள்ளை, சும்மா நில்லு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பட்டு வேட்டியோடு மூன்றாவது மாடி வராண்டாவில் நின்று, கீழே இருப்பவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடி உயரத்தில் பீரோ ஒரு சுற்று சுற்றியது. நான் பூட்ட மறந்திருந்தேன். கதவு திறந்துகொண்டு என் புடவைகள் ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கின. உள்பாவாடை ஒன்று ஷேர் ஆட்டோவின் தலையில் போய் உட்கார்ந்தது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிக் கயிற்றைப் பிடித்தார். "டேய், காப்பு கட்ன கையிடா" என்று மாமியார் கத்தியது கல்மண்டபம் வரை கேட்டிருக்கும். அந்தக் கணத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கல்யாணமான நான்காவது வருடம் மாமனார் இறந்தார். மதிய வேளை. கீழே தெருவில் பந்தல் போட்டாகிவிட்டது, பாடையும் தயார். மேலே இருக்கிற உடம்பைக் கீழே கொண்டுவர வேண்டும். படுக்க வைத்துத் தூக்கினால் படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பாது. எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மார்பிலும் இடுப்பிலும் துண்டால் கட்டி, நாலு பேர் இறக்குவார்கள். முன்பக்கத்தை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே படியிறங்கினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கும்வரை அப்பாவின் தலை மகனின் தோளில் சாய்ந்து கிடந்தது. மறுநாள் அந்த நாற்காலி வீட்டில் இல்லை. எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

இவ்வளவும் மனதில் இருக்க, புது நகரத்தின் படிக்கட்டு என் மேசைக்கு வந்தது. விமானம் இறங்கும் வழி என்பதால் அந்தப் பகுதியில் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. விமான நிலையத்தைத் துடைக்கிறவர்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள், காவலுக்கு நிற்கிறவர்கள் அங்கே குடிவருவார்கள். அவர்கள் வீட்டுப் பீரோ கதவைத் திறந்துகொண்டு தெருவில் ஆடக்கூடாது என்று முடிவு செய்தேன். பீரோவோடு நிறுத்திக்கொண்டுதான் அப்போது யோசித்தேன், நாற்காலி பக்கம் மனதைப் போகவிடவில்லை. வீட்டில் டேப்பை எடுத்து என் சீர் பீரோவை மேலும் கீழும் குறுக்கிலும் அளந்தேன்.

"இன்னாமே, அதுக்கு சொக்கா தைக்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"படிக்கட்டு தைக்கப் போறேன்" என்றேன்.

பீரோ திரும்புகிற மாதிரி அகலமாக வரைந்து கொடுத்தேன். தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒரு அடி குறைக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கணக்கு அவர் பக்கம் இருந்தது. வீடுகள் ஒட்டி நிற்கிற நீளமான வரிசையில் ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒரு அடி மிச்சம் பிடித்தால், வரிசைக்கு ஒரு வீடு கூடும்.

"பீரோவை ஆயுசுல எத்தனை தடவை மாடிக்குத் தூக்குவாங்க? ஒரு தடவை. அந்த ஒரு நாளுக்காக ஒரு குடும்பத்தை வெளியே நிறுத்தணுமா, சொல்லுங்க" என்றார்.

மாமனாரை இறக்கின நாற்காலி அப்போதுதான் என் வாய் வரை வந்தது. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. ஆபீசில் புளியந்தோப்புக்காரி அழுதாள் என்று ஆகிவிடக்கூடாது. அதனால் வேறு ஒன்றைச் சொன்னேன். கட்டட இடத்தில் கான்கிரீட் போட அடிக்கிற சென்ட்ரிங் பலகையை வைத்து ஒரு மாதிரிப் படிக்கட்டு அடிக்கலாம், பக்கச் சுவருக்கு பிளைவுட் நிறுத்தலாம், ஒரு பீரோவை ஏற்றிக் காட்டுகிறேன் என்றேன். என் அளவில் ஏறவில்லை என்றால் அவர் சொன்னபடியே குறைத்து வரைந்து தருவதாகவும் வாயை விட்டேன். சரி, வரும் சனிக்கிழமை என்றார் அவர்.

வீட்டில் போய்ச் சொன்னேன். "உங்க ஆபீஸ்ல ஆளு இல்லியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"ஆளு கீது. தூக்கத் தெர்ஞ்ச ஆளு இல்ல."

"அப்போ தோஸ்துங்கள இட்டுகினு வரேன். கூலி வோணாம். ஆளுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்துடு."

சனிக்கிழமை நாலு பேரும் குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கினார்கள். வீட்டுக்காரர் தோளில் கயிறு சுற்றிக் கிடந்தது. கயிறு எதுக்குய்யா என்று கேட்டேன். பீரோன்னியே என்றார். என் தப்பு எங்கே இருந்தது என்று எனக்கு அந்த நிமிடமே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மாதிரிப் படிக்கட்டில் பலகைகள் வெள்ளையாக இருந்தன. தலைமைப் பொறியாளர், மற்ற பொறியாளர்கள், சென்ட்ரிங் தச்சர்கள் என்று நல்ல கூட்டம். நாலு பேரும் பீரோவைச் சாய்த்துத் தூக்கி, முதல் வரிசைப் படிகளைச் சுலபமாக ஏறினார்கள். திருப்பத்தில் போய் நின்றார்கள். கொஞ்சம் நிமிர்த்தினார்கள், கொஞ்சம் சாய்த்தார்கள், திரும்பவும் நிமிர்த்தினார்கள். பீரோவுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடம்தான் இருந்தது. வீட்டுக்காரரின் முழங்கை பலகையில் உரசித் தோல் கிளம்பியது. மூன்றாவது முயற்சியில் அவரே "எறக்கு, எறக்கு" என்றார். பீரோ கீழே வந்தது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. தலைமைப் பொறியாளர் என்னை மட்டம் தட்டிப் பேசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்க அளவுலயும் போகலையே. அப்ப அந்த ஒரு அடி இருந்தும் புண்ணியம் இல்ல. குறைச்சிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் முழங்கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். "சார், பீரோக்கு எடம் வுட்டுகீது. தூக்கறவனுக்கு வுடல. அவ்ளோதான்."

அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் பீரோ படியேறி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் கண்ணில் பீரோ என்றால் ஆகாயத்தில் தனியாகத் தொங்குகிற சாமான். கயிற்றில் போகிற பீரோவுக்கு இரண்டு பக்கமும் கை கிடையாது. அதனால் தகரத்தை மட்டும் அளந்துவிட்டு, அதைப் பிடிக்கிற மனுஷனை விட்டுவிட்டேன். லோடுமேன் பெண்டாட்டி செய்கிற தப்பா இது என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"அப்படின்னா இன்னும் அகலம் கேக்கறீங்க" என்றார் தலைமைப் பொறியாளர். "ஆயுசுல ஒரு நாள் ஏறப்போற பீரோவுக்காக."

"பீரோ ஒரு தபா ஏறும், சார்" என்றார் வீட்டுக்காரர். "மனுசன் ஒரு தபா எறங்குவான். எங்க நைனாவ நான் சேர்ல கட்டிதான் எறக்கினேன். எங்க மாடில படுக்க வச்சி எறக்க முடியாது. வாய்நாள் பூரா மூட்ட தூக்கினவரு, சார். கடேசியா ஒரு தபா ஒயுங்கா படுத்துகினு எறங்க எடம் இல்ல."

இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அதுவும் முன்பின் தெரியாத இத்தனை பேர் நடுவில், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டே சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆபீசில் அழக்கூடாது என்ற என் வைராக்கியம் போன இடம் தெரியவில்லை. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

தலைமைப் பொறியாளர் பலகைப் படியில் ஏறித் திருப்பம் வரை போய்விட்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு வேணும்னு அளந்து சொல்லுங்க" என்றார்.

டேப்பை எடுத்தேன். நாலு பேரையும் பீரோவைத் தூக்கிப் பிடித்து நிற்கச் சொன்னேன். தகரத்தின் விளிம்பிலிருந்து வீட்டுக்காரரின் முழங்கை நுனி வரை ஒரு அளவு. எதிர்ப்பக்கம் நின்ற தோஸ்தின் முழங்கை வரை இன்னொரு அளவு. "சீக்கிரம் எய்துமே, கனமா கீது" என்றார் வீட்டுக்காரர். தச்சர்கள் பிளைவுட்டை ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்கள். இந்தத் தடவை பீரோ திருப்பத்தில் ஒரு நொடி நின்றது, திரும்பியது, மேலே போய்விட்டது. தச்சர்கள் கை தட்டினார்கள். ஆபீஸ்காரர்களும் தட்டினார்கள். கயிறு அவிழ்க்காமல் ஓரமாகக் கிடந்தது.

அந்த அகலத்துக்கான இடத்தைத் தலைமைப் பொறியாளரே கண்டுபிடித்தார். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் பெரிய அலங்கார வளைவு ஒன்று வரைந்து வைத்திருந்தார்கள். யாரும் நுழையாத வாசல் அது. அதை எடுத்துவிட்டார். வீடும் குறையவில்லை. திருத்தின வரைபடத்தின் மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில் என் இனிஷியலைப் போட்டேன். அன்றைக்கு அந்த இரண்டு எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

போன மாதம் முதல் வரிசையில் ஆட்கள் குடிவர ஆரம்பித்தார்கள். நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை. பீரோவைக் கீழே வைத்துவிட்டு, "கயிறு போடற ஆளு இங்க எங்க கீறாங்க?" என்று என்னிடம் கேட்டாள். படியிலேயே போகும்மா என்றேன். அவள் நம்பவில்லை. அவளுடைய புருஷனும் கூட வந்த மூன்று பேரும் தூக்கினார்கள். திருப்பத்தில் திரும்பியது, இரண்டாவது மாடிக்குப் போனது. அவள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பீரோவைப் பூட்டின சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவர்கள் மேலே வீட்டுக்குள் போன பிறகு வீட்டுக்காரர் திருப்பத்தில் போய் நின்றார். பீரோ பிடிப்பது போலக் கையை விரித்துப் பார்த்தார். முழங்கை சுவரில் படவில்லை.

"இந்த அளவுக்கு உங்க ஆபீஸ்ல இன்னா பேரு?" என்று கேட்டார்.

"ஸ்டாண்டர்டு. இனிமே கட்டற எல்லா வரிசைக்கும் இதான்."

"என் மொயங்கைய போயி ஸ்டாண்டர்டுன்ற" என்று சிரித்தார்.

சிரித்துவிட்டு அங்கேயே நின்றார். சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார்.

"எங்க நைனா இதுல படுத்துகினே எறங்கியிருப்பாரு" என்றார்.

ஆமாம் என்றேன்.