ஏழாம் நம்பர் மேட்

ஏன் கையில எப்பவும் ரெண்டு குச்சின்னுதானே கேட்டீங்க? கோல்ஃப் சொல்லிக் கொடுக்கற வேலையில பந்தைப் பாக்கறதை விட காலைப் பாக்கறதுதான் அதிகம். ஒரு குச்சி தூரத்துல குறிக்கு நட்டிருக்கற கொடியைப் பார்த்துத் தரையில கிடக்கும், இன்னொண்ணு கால் விரலுக்கு முன்னால. ரெண்டும் ரயில் தண்டவாளம் மாதிரி ஓடணும். ஷா ஆலம் ரேஞ்சுல, அதான் பந்தடிச்சுப் பழகற மைதானத்துல, பல வருஷமா இதே பொழப்பு, ஆனா குச்சி போன மாசத்துல இருந்துதான். அதுக்கு முன்னால, பந்தை வச்சு அடிக்கற மேட்ல வெள்ளைக் கோடு இருக்கே, அதுவே போதும்னு இருந்தேன். நீங்களும் யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுக்கற ஆளுன்னா இதைக் கேளுங்க, கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

கோட்டுல நில்லுங்க

குணா அண்ணன் பண்டமாரான்காரரு. லோரி அனுப்பற கம்பெனியில யார்டு சூப்பர்வைசர். புது மேனேஜர் கம்பெனி கோல்ஃப் நாளுக்கு இவரு பேரையும் போட்டுட்டாரு. லிஸ்ட்ல மத்தவங்க எல்லாம் மாடி ஆபீஸ் ஆளுங்க, கீழ யார்டுல இருந்து இவரு ஒருத்தருதான். "அசிங்கப்படாம முடிச்சா போதும் கோச்"னு வந்தாரு.

முதல் நாள் ஏழாம் நம்பர் மேட்ல அவரா நின்னு அடிச்சப்ப பந்து கொடிக்கே போச்சு. நான்தான் விடல. கால் கோட்டுக்கு நேரா இல்லன்னு ஷூவைப் பிடிச்சுத் திருப்பி வச்சேன். பந்து ரைட்ல போச்சு. அதுக்கும் மருந்து சொன்னேன்: தோளால லெஃப்டுக்கு இழுங்க. ரெண்டு மாசத்துல பந்து திரும்பக் கொடிக்கு வந்துச்சு, நான் கை தட்டினேன். அவரு முகத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு: "இப்படி நின்னா பக்கத்து வீட்டை எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு கோச். சரி, உங்களுக்குத் தெரியாததா."

நம்ம குழி

கோல்ஃப் நாள்ல மேட் இல்ல, கோடு இல்ல, வெறும் புல்லு. கொடியைப் பார்த்து ஒழுங்காத்தான் நின்னிருக்காரு. அப்புறம் நான் பழக்கின மாதிரியே இழுத்திருக்காரு. முதல் பந்து லெஃப்ட்ல கால்வாய்க்குள்ள. ரெண்டாவது மரத்துல. மூணாவது பக்கத்துல ஆடிக்கிட்டு இருந்தவங்க நடுவுல விழுந்து, அவங்க தலையில கை வச்சுக் குனிஞ்சாங்களாம். மேனேஜர் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "குணா, நம்ம குழி இந்தப் பக்கம் லா"ன்னாராம். ஆறாவது குழியோட முதுகு வலின்னு சொல்லிட்டு இவரு வண்டியில போய் உட்கார்ந்துட்டாரு.

மறுநாள் போன் வந்துச்சு. திட்டப் போறாருன்னு நினைச்சேன். "மன்னிச்சிக்கோங்க கோச், உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

டைல்ஸ் அண்ணன்

பதட்டம் எல்லாருக்கும் வரும்னு அவருக்கு ஆறுதல் வேற சொன்னேன். அடுத்த வாரம், கிள்ளான்ல டைல்ஸ் ஒட்டற அண்ணன் ஒருத்தரு ஆசைக்கு நாலு பந்து அடிக்க வந்து ஏழாம் நம்பர்ல ஏறினாரு. பந்தைக்கூட வைக்கல. குனிஞ்சு, ஒரு கண்ணை மூடிக் கோட்டைப் பார்த்தாரு. "தூணுக்கு நேரா இருக்கு பாஸ், கொடிக்கு நேரா இல்ல."

பின்னால போய் நானும் பார்த்தேன். கோடு கொடியை விட்டுட்டு ரைட்ல வலை கட்டின அந்தத் தூணைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. குணா அண்ணன் வர்றதுக்கு முன்னால, மழையில பழசு நாறிப்போய் புது மேட் மாத்தினப்ப ஸ்க்ரூ போட்டது நான்தான். ஊருக்கே குறி பாக்கச் சொல்ற ஆளு, கொடிப் பக்கம் திரும்பாம தூணைப் பார்த்து முடுக்கியிருக்கேன். நைட் ஸ்கூல்ல கணக்குல பாஸ் வேற. அவரு சாதாரணமாத்தான் கேட்டாரு: "போட்டவன் அன்னிக்கு அரைத் தூக்கமா பாஸ்?"

மறுபடியும் குணா

அன்னிக்கே கழட்டி நேரா போட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல. ரெண்டு வாரமா குணா அண்ணன் திரும்ப வராரு. அடுத்த தடவையும் மேனேஜர் பேரைப் போட்டிருக்காராம், "மாடி ஆளுங்களுக்குச் சிரிக்க ஒருத்தன் வேணும்ல"ன்னு இவரே சொல்லிக்கறாரு. நேரான மேட்ல நின்னும், பழகின இழுப்பு போகாம எல்லாத்தையும் லெஃப்ட்லயே அடிக்கறாரு. சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன். "தோளை விடுங்க அண்ணே"ன்னுதான் வரும். நேத்து மட்டையைத் துடைச்சு வச்சுட்டு மெதுவா கேட்டாரு: "எனக்கு இது வராது போல கோச். பேரை எடுக்கச் சொல்லிடட்டுமா?"

தோ, ஏழாம் நம்பர்ல இருந்து கை காட்டறாரு. "கோச், கால் சரியா இருக்கான்னு வந்து பாருங்க."

குச்சியை இங்கேயே வச்சிட்டுப் போறேன்; அவரு கால் முதல் நாளே சரி, ஸ்க்ரூ போட்ட கைதான் கோணல்னு நேரா சொல்ற அளவுக்காவது எனக்கும் குறி பாக்கத் தெரியணும் இல்ல.