கூழைக்கடாக்கள் தூங்கும்வரை

ஐப்பசிக் காலை. வாடிப்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் அந்த வருடத்தின் முதல் கூழைக்கடாக்கள், பை தொங்கும் நீண்ட அலகுள்ள பெரிய நீர்ப்பறவைகள், திட்டில் இறங்கியிருந்தன. அவற்றை விரட்ட, மீன் குத்தகைக்காரர் வெடியும் கொளுத்திய ஊதுபத்தியுமாக வந்தார். வெடித்தால் அவை பிறகு இங்கே வரா.

“கொஞ்சம் பொறுங்கண்ணே” என்றேன், பறவை பார்க்க வந்திருந்த நான்.

“நீங்க பாத்துட்டுப் போயிருவீக. அம்புட்டு மீனையும் முழுங்கிரும்ல?”

பைனாகுலரை நீட்டினேன். வெடியையும் ஊதுபத்தியையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திரியை ஒட்டியே நெருப்பு கனன்றது.

“அலகை முதுகுல சொருகிக்கிட்டுத் தூங்குதுக” என்றார். “தூங்குறத எப்படி வெரட்ட? எந்திரிக்கட்டும், வெடிக்கிறேன்.”

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பறவை அசையாதா என்று ஏங்கியே பழகிய நான், ஒரு சிறகும் அசையக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.