சின்ன ஸ்கூட்டரின் பின்சீட்டு

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டால், விலையைக் கேட்பதற்கு முன்னர் அது எந்த நாட்டில் செய்தது என்று கேட்பார்கள். ஜப்பான் என்றால் குரல் மரியாதையாகத் தணியும். இந்தியா என்றால் "ஓம், ஓடும்" என்பார்கள். சீனா என்றால் சிரிப்பார்கள். பெண்பிள்ளை ஓட்டுகிற ஸ்கூட்டர் என்றால் கேட்காமலே சிரிப்பார்கள்.

என்னுடையது இந்தியாவில் செய்தது. நூற்றுப் பத்து சீசி, நீல நிறம். மருதமுனையிலிருந்து மேற்கே, வயல்வெளிகளைக் கடந்து இருக்கிற ஒரு பாடசாலைக்கு எனக்கு இடமாற்றம் வந்தபோது வாங்கினோம். அங்கே போகிற பஸ், முதலாம் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். எங்கள் அதிபரோ ஏழரை மணிக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிவிடுகிற மனிதர். கடையில் இருந்தவற்றில் ஆகப் பாரம் குறைந்ததை என் கணவர் தெரிவு செய்தார். "விழுந்தாலும் நீயே தூக்கிக்கலாம் புள்ள" என்றார். அவர் விழுவதைப் பற்றித்தான் யோசித்தார். யானையைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கிட்டங்கித் தாம்போதி என்கிற தாழ்ந்த பாலத்தைக் கடந்து கொஞ்சத் தூரம் போனால் ஒரு மதகு வரும். அதற்கப்பால் இரண்டு கிலோமீற்றருக்கு வீடு இல்லை, கடை இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பற்றைக்காடு. நெல் முற்றுகிற காலத்தில் இரவெல்லாம் வயலில் மேய்ந்த யானைகள் விடியற்காலையில் அந்த வீதியைக் குறுக்கறுத்துத்தான் காட்டுக்குத் திரும்பும். அதனால் யாரும் தனியாகப் போவதில்லை. மதகடியில் நின்று, நான்கைந்து வாகனங்கள் சேர்ந்த பிறகு வரிசையாகப் புறப்படுவார்கள். முதல் நாள் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எல்லாரும் நிற்பதைப் பார்த்து நானும் நின்றேன். ஏன் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயம் மூன்று வருடங்களாக, காலை ஆறரை மணிக்கு ஒரு நாள் தவறாமல் வந்தது.

வரிசையை முடிவு செய்பவர் ஒரு போடியார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கல்முனைக்குடிக்காரர், நிறைய வயல் வைத்திருப்பவர். அவரிடம் இருநூற்றைம்பது சீசி ஜப்பான் பைக் ஒன்று இருந்தது. குதிரை உயரம். அதில் அவர் முன்னால் போவார். நடுவில் என்னைப் போன்ற சில்லறைகள். கடைசியில் வலுவான இன்னொரு பைக். சீனா பைக்கில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிற ஒரு மீன்காரரும் என்னோடு நடுவில்தான் வருவார். எங்கள் இருவருக்குப் பின்னால் வர யாருக்கும் விருப்பமில்லை. இவர்களுடையது நடுவழியில் நின்றுவிட்டால் நாமும் மாட்டிக்கொள்வோம் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

முதல் கிழமையிலேயே போடியார் என் ஸ்கூட்டரின் முன்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இந்தியாவா டீச்சர்? இது வாளி செய்யிற பிளாஸ்டிக். ஆனை ஊதினாலே பறந்திரும்."

"ஆனை பாஸ்போட்டா பாக்கப்போகுது காக்கா?" என்றேன். மூத்த ஆண்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்குப் பாடசாலை வரைக்கும் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். அதில் எங்காவது ஒரு இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். வாய் பேசிவிட்டதே தவிர, அவர் சொன்னதை நான் நம்பினேன். பயந்தவளுக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை வரும்.

மூன்றாம் வருடம், அறுவடைக்கு ஒரு மாதத்துக்கு முன்பு அது நடந்தது. கடல் கொந்தளிப்பாக இருந்தபடியால் மீன் இல்லை, மீன்காரரும் வரவில்லை. மற்றவர்களையும் காணோம். மதகடியில் போடியாரும் நானும் மட்டும் நின்றோம். அவருக்கு வாய்க்காலில் தண்ணீர் முறை. எனக்குத் தவணைப் பரீட்சை. அரை மணித்தியாலம் காத்திருந்துவிட்டு, "போவமா டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம் என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனாலும் அந்தச் சிவப்புக் கோட்டை நினைத்துக்கொண்டு "ஓம்" என்றேன்.

அவர் முன்னால், நான் இருபது மீற்றர் பின்னால். பாதி வழிகூடப் போகவில்லை. வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு யானை வீதிக்கு ஏறியது. தனி யானை. அவருக்கும் அதற்கும் இடையில் ஒரு வீட்டு வளவின் அகலம்கூட இருக்காது. நனைந்த கால்களோடு வீதியின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. காதுகளை விரித்தது.

போடியார் பைக்கைத் திருப்பப் பார்த்தார். பின்னால் உர மூட்டை கட்டியிருந்தது. வீதி ஒடுக்கம், ஓரத்தில் சரளைமண். முன்சில்லு சறுக்கிப் பைக் சரிந்து அவருடைய காலுக்கு மேலேயே விழுந்தது. நான் ஒரு காலை ஊன்றி, நின்ற இடத்திலேயே ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டேன். அது அவ்வளவு இலேசாகத் திரும்பியது எனக்கே புதுமையாக இருந்தது. யோசித்துச் செய்ததல்ல, கை செய்தது. இப்போது என் முகம் மதகைப் பார்த்திருந்தது, முதுகு யானையைப் பார்த்திருந்தது.

அவர் எப்படியோ காலை இழுத்தெடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடி வந்தார். வந்து என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றார்.

நின்றார். அவ்வளவுதான். ஏறவில்லை. நானும் ஏறச் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது யானை இல்லை. அந்நிய ஆண் ஒருவர் என் பின்சீட்டில். நடுவீதியில், பட்டப்பகலில், அபாயாவோடு நான். யாராவது போனில் ஒரு படம் எடுத்தால் பகல் லுஹர் தொழுகைக்கு முன்னர் ஊர் முழுக்கப் போய்விடும். என் கணவரின் தம்பிமார், பள்ளிவாசலுக்கு முன்னால் நிற்கிற ஆட்கள், என் வகுப்புப் பிள்ளைகளின் உம்மாமார் எல்லாரும் வரிசையாக வந்து போனார்கள். ஒரு மனிதரின் உயிர் என் பக்கத்தில் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும்போது நான் இதைத்தான் யோசித்தேன்.

பிறகு யானை பிளிறியது.

"ஏறுங்க காக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் ஏறினார். ஸ்கூட்டர் அப்படியே அமிழ்ந்தது. அவர் என்மீது படாமல் பின்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்திருந்தார். முழு வேகத்துக்கு முறுக்கியும் முதல் கொஞ்சத் தூரம் அது நகருவதாகவே தெரியவில்லை. வாய் கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் இரும்பு நெரிகிற சத்தம் கேட்டது. யானை பைக்கோடு நின்றுவிட்டது என்று விளங்கியது. இருந்தும் திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

மதகுக்கு இருநூறு மீற்றர் இருக்கும்போது, "டீச்சர், இதில நிப்பாட்டுங்க" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நிறுத்தினேன். காலில் இரத்தம் வழிய, பின்னால் யானை நிற்கிற வீதியில், அவர் இறங்கி நடந்தார். நான் முன்னால் போய் மதகடியில் நின்றேன். அங்கே ஒரு குருவிகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உழவு இயந்திரத்தில் நாலு பேர் வந்தபோது, அவர் மதகின் கட்டின்மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடித் தப்பினீங்க?" என்று கேட்டார்கள்.

"ஓடித்தான்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரமே கதை ஊருக்குள் வந்துவிட்டது. ஜப்பான் பைக்கை யானை மிதித்துவிட்டதாம், போடியார் இந்த வயதிலும் ஓடியே தப்பினாராம். என் கணவர் கடையில் கேட்டு வந்து எனக்கே சொன்னார். "நீ பின்னுக்கு நிண்டியா? அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அடுப்படியில் போய் நின்றபோது இரண்டு பயங்கள் வந்தன. வயல் காவல் பரணில் இருந்து யாராவது பார்த்திருந்தால் என்ற பயம் ஒன்று. அது நாளாக நாளாகக் குறைந்தது. மற்றப் பயம் குறையவில்லை. அந்த யானை இரண்டு எட்டுக் கூடுதலாக வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அவரை ஏற்றியிருப்பேனா, விட்டுவிட்டு வந்திருப்பேனா? என்னைப் பற்றியே எனக்குப் பயம் வந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்துத் தொழுகையில்கூட நிம்மதி இல்லாமல் போனது.

ஒரு மாதம் கழித்து அவர் மதகடிக்கு வந்தார். யாருடைய உழவு இயந்திரத்திலோ ஏறி வந்து, தடி ஊன்றி இறங்கினார். மற்றவர்கள் தள்ளி நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கிட்டப் போனேன். பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"காக்கா, அண்டைக்கி நான் ஒடன ஏறச் செல்லல்ல. யோசிச்சிட்டன். என்ன மன்னிச்சிக்கங்க."

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எதிர்பார்த்த கோபம் முகத்தில் இல்லை. வெட்கம் இருந்தது.

"நீங்க செல்லித்தானா நான் ஏறணும் டீச்சர்? சீட்டு சும்மாதானே கிடந்திச்சி" என்றார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அந்த நேரத்தில நான் ஆனையத் திரும்பிப் பாக்கல்ல. மதகில ஆக்கள் நிக்கிறாங்களா எண்டுதான் பாத்தன்."